ஆளில்லாத வலை

அந்த உல்லம் மீனைத் துண்டு போடும்போது கத்தி பாதியில் நின்றுவிட்டது. முள்ளில் தட்டினால் கைக்குத் தெரிந்துவிடும். இது முள் இல்லை. கத்தியை அழுத்தினால் உள்ளே எதுவோ வளைந்து கொடுத்தது, எடுத்தால் திரும்பி வந்தது. விரலை விட்டுத் துழாவினேன். நைலான் நூல். செவுளுக்குப் பின்னால், தோலுக்கு அடியில், உடம்பைச் சுற்றி வளையமாக ஓடியது. அதன் மேல் சதை வளர்ந்து, சதையைத் தோல் மூடி, தோலில் செதிலும் முளைத்திருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் அரைஞாண் கயிறு இறுக்கிய தடம் மாதிரி இலேசான பள்ளம், அவ்வளவுதான்.

பர்மாவில், தாமுவே சந்தைக்குப் பின் தெருவில் நானும் என் கணவரும் சோற்றுக்கடை நடத்துகிறோம். மீன் வயிற்றில் தூண்டில் முள், பிளாஸ்டிக் துண்டு, ஒருமுறை குழந்தையின் வளையல் எல்லாம் பார்த்திருக்கிறேன். சதைக்குள்ளேயே நூலைச் சுமந்து வளர்ந்த மீனை அன்றுதான் பார்த்தேன். இழுத்தேன், வந்துகொண்டே இருந்தது. முடிவில் ஒரு முடிச்சு. பச்சை நூலில் மஞ்சள் நூலால் போட்ட முடிச்சு.

"ஏங்க, இங்க வந்து பாருங்க."

அவர் இடுப்பில் கட்டிய லோஞ்சியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். மீனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சின்னதா இருக்கையில வலையில மாட்டியிருக்கும். வலையைப் பிச்சுக்கிட்டு ஓடியிருக்கு. நூலோட அப்படியே வளந்திருக்கு." சற்று நின்று, "இதைக் குழம்புல போடாதே" என்றார்.

எங்களுக்கு மீன் வருவது என் கணவரின் அக்காள் வீட்டிலிருந்து. அவரை நான் மமா என்றுதான் கூப்பிடுவேன். பர்மியில் அக்காள் என்று அர்த்தம். என் மாமியார் தமிழச்சி, மாமனார் பர்மாக்காரர். மமா ஒரு பர்மியரைக் கட்டிக்கொண்டு, ஆறு கடலைச் சேரும் முகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துக்குப் போய்விட்டார். இப்போது அவருடைய மகன் படகு ஓட்டுகிறான். அவன் பிடிக்கிற மீன் ஐஸ் பெட்டியில் அக்கரையிலுள்ள டலா வரை வந்து, அங்கிருந்து ஆற்றைக் கடந்து எங்களிடம் வரும்.

மமாவின் வீட்டுக்காரர் உயிரோடு இல்லை. அந்த உல்லம் வந்ததற்கு இரண்டு மழைக்காலத்துக்கு முன், காற்றடிக்கிற நாளில் தனியாக வலை போடப் போனவர். படகு தானாகவே கரை ஒதுங்கியது. அவர் உடலை வேறோர் ஊர்க்காரர்கள் கண்டெடுத்தார்கள். பிக்குகளுக்கு அன்னம் படைத்து ஏழாம் நாள் காரியமும் முடிந்தது. வலை மட்டும் கிடைக்கவில்லை. ஆளே போன துக்கத்தில் வலையை யார் தேடுவார்கள்?

என் கணவர் அந்த நூலைப் போனில் படம் எடுத்து அக்காளுக்கு அனுப்பினார். பிறகு மமாவே கூப்பிட்டார். தம்பியிடம் பர்மியில் பேசுகிறவர், என்னிடம் மட்டும் தமிழில் பேசுவார்.

"அந்த நூலை வீசிராத, தங்கச்சி. எடுத்துக்கிட்டு ரெண்டு பேரும் வாங்க."

கடையைப் பூட்டிவிட்டுப் போனோம். மழை ஓய்ந்து, பனி இன்னும் தொடங்காத சமயம். கியாக்டடாவில் பஸ்ஸை விட்டு இறங்கி, படகுத்துறையில் கப்பலேறி டலா, அங்கிருந்து மோட்டார் சைக்கிள். பாதை முடிகிற இடத்தில் மமாவின் வீடு, கால்வாய்க் கரையில் மூங்கில் கால்களில் நின்றது.

மமா நூலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். முடிச்சை நகத்தால் தடவினார். தேத்தண்ணி வைக்கப் போய், அடுப்பு பற்றவைக்காமலேயே திரும்பி வந்தார்.

"இது அவர் கை. பச்சை நூல் தீந்துபோச்சு, நான்தான் டலா பஜார்ல மஞ்சள் வாங்கியாந்தேன். கல்யாண வலை மாதிரி இருக்குன்னு சிரிச்சாக. இந்த ஊர்ல வேற யாரு வலையிலயும் மஞ்சள் கெடையாது."

"அப்ப அந்த வலை..."

"தண்ணியிலதான் இருக்கு. இன்னமும் மீன் பிடிக்குது."

கிராமத்தில் ஏற்கெனவே ஒரு பேச்சு இருந்ததை அன்றைக்குத்தான் கேட்டோம். ஊருக்குக் கீழே ஆறு ஒரு வளைவு எடுக்கிறது. ஆழமான மடு. ஒரு காலத்தில் உல்லமும் கத்தாழை மீனும் அங்கே மண்டிக் கிடக்கும். அவர் போனதிலிருந்து அங்கே வலை போட்டவர்களுக்கு மீன் இல்லை. சிலருடைய வலை கிழிந்து வந்தது. நாரையும் கொக்கும் அந்தக் கரையில் இறங்குவதில்லை. கடல் ஏற்ற இறக்கத்தில் தண்ணீர் திரும்பும்போது ஒரு நாற்றம் எழும்பும், பிறகு அடங்கிவிடும். செத்தவர் இன்னும் அங்கே மீன் பிடிக்கிறார், யாருக்கும் மிச்சம் வைக்கமாட்டார் என்று ஊர் முடிவு கட்டியிருந்தது. கரையிலிருக்கிற மரத்தடியில் வாழைப்பழமும் தேங்காயும் படைத்துவிட்டு, மடுவைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் உச்சி வெயிலில் மமாவின் மகன் எங்களைப் படகில் ஏற்றினான். கூட வரச் சொல்லிக் கேட்டதற்கு அக்கம்பக்கத்தார் ஒருவரும் வரவில்லை. மடுவை நெருங்கியதும் எஞ்சினை அணைத்தான். அவ்வளவு வெளிச்சத்தில் அப்படி ஓர் அமைதியை நான் அறிந்ததில்லை. ஆறு அசையாத தகரத்தகடு போலக் கிடந்தது. ஒரு குமிழிகூட எழவில்லை.

"பலகையில காது வெச்சுப் பாருங்க, அத்தை" என்றான் மகன், பர்மியில். "கத்தாழை இருந்தா தவளை மாதிரி கத்தும். சின்ன வயசுல இங்க படகுல தூங்கவே முடியாது, அவ்வளவு சத்தம்."

படகின் அடியில் குப்புறப் படுத்து, ஈரப் பலகையில் காதை வைத்தேன். ஒன்றும் இல்லை. என் ரத்தம் ஓடுகிற சத்தம் மட்டும். எழுந்திருக்கப் போனபோது மமா என் தோளை அழுத்தினார்.

"இரு. தண்ணி திரும்பட்டும்."

கொஞ்ச நேரத்தில் படகு மெல்ல முகம் மாறியது. அப்போது கேட்டது. அடியில், எங்கோ ஆழத்தில், சர்... சர்... என்று ஓர் உராய்வு. யாரோ விளக்குமாற்றால் வாசல் பெருக்குகிற மாதிரி. நிறுத்தி, மறுபடி. நடுநடுவே கிளிஞ்சல் குலுங்குவதுபோலக் கலகலவென்றது.

"கேக்குதா?"

"கேக்குது மமா."

"தண்ணி திரும்புறப்ப எல்லாம் இப்படித்தான். எனக்கு இது ரொம்ப நாளாத் தெரியும்." அவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "யாருக்கும் சொல்லாம, தோணி எடுத்துக்கிட்டு வந்து, இப்படிப் படுத்துக் கேட்டுக்கிட்டு இருப்பேன். அவர்னு நெனச்சேன்."

என் கணவருக்குத் தமிழ் நன்றாகப் புரியும். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மகன் நாலு கொக்கியுள்ள சிறு நங்கூரத்தை எறிந்து, அடியில் இழுத்துப் பார்த்தான். வெறும் சேறு வந்தது. மறுபடி எறிந்தான். வெயில் மண்டையைப் பிளந்தது. கொக்கி எதிலோ மாட்டிக்கொண்டபோது படகே சாய்ந்தது. ஆண்கள் இரண்டு பேரும் கயிற்றைப் பிடித்து இழுக்க, நானும் மமாவும் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து பாரம் கொடுத்தோம்.

முதலில் மேலே வந்தது ஒரு செருப்பு.

அதன் பின்னால் இன்னொன்று. ஒரு கயிற்றில் வரிசையாக, வெவ்வேறு அளவில், வெவ்வேறு நிறத்தில், ரப்பர் செருப்புகள் தண்ணீரை விட்டு எழுந்து வந்தன. ஆற்றின் அடியிலிருந்து ஒரு கூட்டமே நடந்து ஏறி வருவதுபோல இருந்தது. நான் கத்திவிட்டேன். பிறகுதான் புரிந்தது. மிதவை வாங்காமல், தேய்ந்துபோன செருப்புகளையே வலையின் மேல்கயிற்றில் கட்டுவது அங்கே வழக்கம். மமாவின் வீட்டுக்காரர் வீட்டிலும் ஊரிலும் எல்லாருடைய பழஞ்செருப்பையும் சேர்த்து வைத்திருந்தார். அந்த வரிசையில், பாசி படிந்து, ஊதாப் பட்டையுடன் ஒன்று இருந்தது. வார் அறுந்துபோனதென்று ஒரு புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவின்போது நான் அந்த வீட்டில் விட்டுவந்தது. கட்டைவிரல் அழுந்திய பள்ளம் அப்படியே இருந்தது. நான் தாமுவேயில் தூங்கி எழுந்து சமைத்துக்கொண்டிருந்த அத்தனை நாளும் என் கால்தடம் இங்கே அடியில் மீன் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறது.

அடுத்து வலை வந்தது. நாற்றத்தில் என் கணவர் வாந்தி எடுத்தார். ஒரே வலையில் எல்லாப் பருவமும் இருந்தது. வெறும் முள்ளாகிப்போன மீன்கள். அவற்றுக்குப் பக்கத்தில் பாதி கரைந்தவை. அவற்றைத் தின்ன வந்து மாட்டிய நண்டுகள். ஒரு நீர்க்காகம், சிறகை விரித்தபடி. ஆமை ஓடு ஒன்று, உள்ளே ஒன்றும் இல்லாமல். இவை எல்லாவற்றுக்கும் நடுவே, அன்று காலையில்தான் மாட்டியது போல, வெள்ளியாகத் துடித்துக்கொண்டு உயிருள்ள உல்லம்.

"செத்தது நாறும்" என்றான் மகன், மூச்சு வாங்க. "நாத்தத்துக்கு நண்டு வரும். நண்டுக்குப் பெரிய மீன் வரும். அதுவும் மாட்டிச் செத்து அடுத்ததுக்கு இரையாகும். இதுக்கு ஆளே வேண்டாம். நைலான் மக்காது. நான் செத்து என் பிள்ளை செத்தாலும் இது பிடிச்சுக்கிட்டே இருக்கும்."

பாதி ஏறியதும் வலை நின்றுவிட்டது. நின்றது மட்டுமல்ல, கீழேயிருந்து திரும்ப இழுத்தது. ஒரு கை வெடுக்கென்று பறிப்பதுபோல, விட்டு விட்டு. கயிறு என் கணவரின் உள்ளங்கையைக் கீறிக்கொண்டு ஓடியது. அடியில் மரம் ஏதோ மூழ்கிக் கிடந்திருக்கும், வலையின் மறுமுனை அதில் சிக்கியிருக்கும், நீரோட்டம் ஆட்டியிருக்கும். இப்போது அப்படித்தான் சொல்வேன். அப்போது அப்படி ஒருவருக்கும் தோன்றவில்லை. மகன்கூடக் கயிற்றை விட்டுவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டான்.

மமா படகின் விளிம்பில் குனிந்தார். தண்ணீருக்கு மிக அருகில் வாயை வைத்து, காது கேளாதவரிடம் கத்துவது போல இல்லாமல், சாப்பிடக் கூப்பிடுகிற குரலில், பர்மியில் சொன்னார்:

"பிள்ளையோட அப்பா, போதும். விடுங்க. வேலை முடிஞ்சிருச்சு."

கயிறு தளர்ந்தது. மீதி வலை ஒரு தடையும் இல்லாமல் மேலே வந்தது.

உயிரோடு இருந்தவற்றைக் கத்தியால் நூலை அறுத்து ஒவ்வொன்றாக விட்டோம். என் கையில் வந்த ஒரு தாய் உல்லத்தின் வயிறு சினையால் புடைத்திருந்தது. எங்கள் கடையில் உல்லம் சினை வறுவல் பேர்போனது. மழைக்காலம் முழுக்க அதற்காகவே ஆட்கள் வருவார்கள். சமைத்த சினையைத்தான் என் கைக்குத் தெரியும். அது உள்ளே கனத்துக்கொண்டு, மீனோடு சேர்ந்து நடுங்கியபோது எனக்கு எப்படியோ ஆகிவிட்டது. தண்ணீரில் விட்டேன். கொஞ்ச நேரம் சாய்ந்தபடியே மிதந்து, பிறகு ஒரு சொடுக்கில் மறைந்தது.

வலையைச் சாக்குகளில் திணித்து, ஊர்ப் பக்கமாகப் போகாமல் பின் கால்வாய் வழியாக வீட்டுக்குக் கொண்டுவந்தோம். யாரும் பார்க்கவில்லை. மகனுக்கு ஒரே சந்தோஷம்.

"சாயங்காலம் எல்லார்கிட்டயும் சொல்லிரலாம்மா. பேயும் இல்ல, பிசாசும் இல்ல, வலைதான்னு. நாளைக்கே எல்லாரும் அங்க வலை போடலாம்."

"சொல்லாதே" என்றார் மமா.

"ஏன்?"

"நாளைக்கே எல்லாரும் அங்க வலை போடுவாங்க. அதான்."

மகன் குரலை உயர்த்தினான். "அப்பாவைப் பேய்னு பேசுறாங்கம்மா. இன்னும் விடுதலை ஆகலைன்னு பேசுறாங்க. அதைக் கேட்டுக்கிட்டு இருக்கச் சொல்றியா?"

செத்தவர் அடுத்த பிறவிக்குப் போகாமல் அலைகிறார் என்று ஊர் சொல்வது ஒரு மனைவிக்கு எவ்வளவு பெரிய அவமானம், எவ்வளவு பெரிய வேதனை என்பது அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். மமா சாக்கின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தார். கட்டி முடித்துவிட்டுச் சொன்னார்:

"ஆத்துல எந்தப் பக்கம் பாத்தாலும் வலைதான். கொசுவலை மாதிரி வலை போட்டு முட்டையிலேருந்து வந்த குஞ்சைக்கூட விடல. அந்த ஒரு எடத்துக்குத்தான் ஒருத்தரும் போறதில்ல. அவர் இத்தனை நாளு எடுத்ததை அவர் பேரே திருப்பிக் குடுக்கட்டும்."

நாங்கள் தாமுவேக்குத் திரும்பினோம். அதற்கப்புறம் மழைக்காலத்தில் உல்லம் சினை சமைப்பதை நிறுத்திவிட்டேன். கையகலம் வளராத மீன் வந்தால் வாங்குவதில்லை. அதற்குப் பதில் பண்ணைக்குளத்து ரோகு. வாடிக்கைக்காரர்கள் முகம் சுளித்தார்கள். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், எங்கள் கடையில் நெடுநாளாகச் சாப்பிடுகிறவர், தட்டைத் தள்ளி வைத்தார்.

"என்னம்மா இது, மண் வாசம் அடிக்குது. சினை எங்க?"

"வரத்து இல்லீங்க ஐயா."

"சந்தையில குமிஞ்சு கெடக்குதே, பாத்துட்டுத்தான வாரேன்."

"அது வயித்துல இருக்குறது அங்கேயே இருக்கட்டும் ஐயா. அப்பத்தான் அடுத்த வருசம் உங்களுக்கு மீன் போட முடியும்."

அவர் காசை வைத்துவிட்டுப் போனார். சில நாள் வரவில்லை. பிறகு வந்தார். ரோகுவைப் புளித்தண்ணீரில் ஊறவைத்து, மிளகு கூட்டிப் போட்டிருந்தேன். சாப்பிட்டுவிட்டுப் போனார். சிலர் வராமலே போனார்கள். கடை இளைத்துத்தான் போயிற்று.

மடுவை ஒருவரும் தொடாமல் ஒரு மழைக்காலம் போயிற்று. அடுத்ததும் போனபிறகு, மடுவின் விளிம்பில், பயந்து பயந்து வலை போட்டவர்களுக்குப் பெரிய பெரிய கத்தாழை வரத் தொடங்கியது. கரையில் கொக்கு இறங்கிற்று. இனிமேல் மறைத்தால் தெரிந்தே ஊரை ஏமாற்றியதாகிவிடும் என்று மகன் பயந்தான். ஊர்க் கூட்டம் கூடியபோது மமா எழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். சாக்கை அவிழ்த்து, செருப்புக் கயிற்றை நடுவில் போட்டார். சிலர் தங்கள் வீட்டுச் செருப்பையே அதில் கண்டுகொண்டார்கள்.

கோபப்படுவார்கள் என்று நினைத்தாராம். யாரும் கோபப்படவில்லை. வயதான மீனவர் ஒருவர் கேட்டாராம்: "வலையை எடுத்தீங்க, சரி. அவரை எடுத்தீங்களா?"

கூட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. அன்றைக்கே முடிவு செய்தார்கள். மடுவைச் சுற்றி மூங்கில் கழி நட்டு, உள்ளே வலை போடுவதில்லை. கொசுவலை மாதிரி கண் சிறுத்த வலை ஊரிலேயே கூடாது. ஒவ்வொரு வீட்டு வலைக்கும் ஒரு நிறத்தில் கயிறு. வலை தொலைந்தால் வெட்கப்படாமல் உடனே சொல்ல வேண்டும், எல்லாப் படகும் போய்த் தேடவேண்டும். இதில் எவ்வளவு மீனுக்காக, எவ்வளவு அவருக்குப் பயந்து என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

போன குளிர்காலத்தில் மமா எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்தார். ஒருநாள் காலை, கடையில் இரண்டு பேரும் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது மகனிடமிருந்து போன் வந்தது. விடியற்காலை மூடுபனியில் வெளியூர்ப் படகு ஒன்று மடுவுக்குள் புகுந்ததாம். வலையை இறக்கினவர்கள், கொஞ்ச நேரத்தில் அதை அறுத்துவிட்டு, எஞ்சினை முடுக்கிக்கொண்டு வந்து ஊர்த்துறையில் மோதினார்களாம். தண்ணீருக்கு மேலே, பனிக்குள், யாரோ நிற்காமல் பேசிக்கொண்டே வந்தார்களாம். ஆண் குரலாம். "போதும், விடுங்க, போதும், விடுங்க" என்று.

"நீதானே?" என்று என் கணவர் போனிலேயே மருமகனைக் கேட்டார்.

"நான் இல்ல மாமா. நான் கரையில ஐஸ் ஏத்திக்கிட்டு இருந்தேன். எல்லாரும் பாத்தாங்க."

மடுவைக் காக்க யாராவது பேய் மாதிரி பயமுறுத்தினால் அது மமாவாகவோ மகனாகவோதான் இருக்கும் என்று நான் மனசுக்குள் வைத்திருந்தேன். அவரோ என் எதிரில் உட்கார்ந்திருந்தார், வெங்காயத் தோல் மடியில். அவர் முகத்தில் பயமும் இல்லை, ஆச்சரியமும் இல்லை. போனை வாங்கி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அவங்க வலை என்ன ஆச்சு?"

"தண்ணியிலேயே போச்சும்மா."

மமா எழுந்து மடியை உதறினார். கையைக் கழுவினார். "நான் கெளம்புறேன் தங்கச்சி" என்றார். "தண்ணி திரும்புறதுக்குள்ள அதை எடுத்துரணும்."

படகுத்துறை வரை கூடப் போனேன். ஆற்றின் மேல் பனி இன்னும் விலகவில்லை. அக்கரை தெரியவில்லை. கப்பலின் மேல்தட்டில் சால்வையைப் போர்த்திக்கொண்டு அவர் நின்றது கொஞ்ச நேரம் தெரிந்தது. அப்புறம் எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.